வாய் இன்ஜின்

சிரிங்கடா, நல்லா சிரிங்க. ஏரோப்ளேன்னு வாயைத் திறந்தாலே உங்களுக்கு முப்பத்திரண்டும் தெரியுது. உங்கள்ல எவனாவது ஒருத்தன் மீனம்பாக்கத்துல கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ள போயிருக்கீங்களா? மாமா துபாய்ல இருந்து வர்றப்போ வெளிய கம்பியைப் புடிச்சுக்கிட்டு, டிராலியில டிவி பொட்டி வருதான்னு எட்டிப் பாத்த கூட்டம்தானே நாமெல்லாம். அதனால பொத்திக்கிட்டு கேளுங்க. இது அந்த மாதிரி ஏரோப்ளேன் இல்ல. இரும்புக் குழாயும் மரச்சட்டமும் துணியும் கம்பியும் வெச்சு வெள்ளைக்காரன் கட்டினது. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெட்டை றெக்கை. முன்னாடி ஒரு சீட்டு, பின்னாடி ஒரு சீட்டு, கூரையே கிடையாது. பேரு டைகர் மாத். பாதி புலி, பாதி பூச்சி. செங்குன்றத்துல மூடிப்போன ஒரு ரைஸ் மில்லு, நெல்லு காயப்போடற சிமெண்டுக் களம், அந்தக் களத்து நடுவுல ஞாயித்துக்கிழமை காலைல அந்தப் புலிப்பூச்சி மூக்கைத் தூக்கிட்டு நிக்குது. அதோட பின்சீட்டுல நம்ம டில்லிபாபு உக்காந்திருக்கான். பேருதான் டில்லி, வடக்கே அவன் போன கடைசி ஊரு தடா. ஏரோனாட்டிக்கல் படிக்கிறேன்னு சேந்து நாலாவது செமஸ்டர்ல கழண்டுக்கிட்டவன். அந்தக் காலேஜ்ல ஏரோப்ளேன் இருந்தது வாசல் ஆர்ச்சுல மட்டும்தான், அதுவும் பெயிண்டு. "நான் ட்ராப் அவுட் இல்லடா, டேக் ஆஃப்"னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன். எதுக்கும் ஒரு பஞ்ச் கைவசம் வெச்சிருக்கற பய, இப்ப வாயைத் திறக்காம உக்காந்திருக்கான். இடது கை த்ராட்டில் மேல. வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்ள. பாக்கெட்டுக்குள்ள ரெண்டு பித்தளை நட்டு.

வேர்க்கடலை சைஸ்தான் இருக்கும் ஒவ்வொண்ணும். கட்டைவிரலால உருட்டிக்கிட்டே இருக்கான், உருட்ட உருட்ட சூடாகுது, சூடாக ஆக அது நட்டு மாதிரியே இல்ல, பாக்கெட்டுக்குள்ள எதையோ உசுரோட புடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. இன்னிக்கு ஓட்டிக் காட்டணும்னு நேத்தே எல்லாரும் வந்தாச்சு. சாயந்திரம் மில்லுக்காரர் நரசிம்மலு, "இன்ஜின் மேல ஆயில் வழிஞ்சிருக்குது பாரு நாயனா, துடைச்சு மூடியைப் போட்டுட்டு வா"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனாரு. துடைச்சான். ஒழுங்காத்தான் துடைச்சான். மூடியைப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு மேக்னெட்டோவையும் பாத்தான். மேக்னெட்டோன்னா மிரளாதீங்க, ப்ளக்குக்குப் பொறி குடுக்கற டப்பா, அவ்வளவுதான். ஒவ்வொண்ணுக்கும் ஸ்விட்சுல இருந்து ஒரு ஒயர் வருது, அந்த ஒயர் நுனியை ஒரு பித்தளை நட்டு இறுக்கிப் புடிச்சிருக்கு. கழட்டினான். ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு. ஒயர் ரெண்டும் தொங்கிப் போச்சு. மூடியைப் போட்டான், கிளிப்பை மாட்டினான், டீக்கடைக்கு வந்து, "மாஸ்டர், எனக்கு ரெண்டு மேக்னெட்டோ போண்டா"ன்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வெச்சான். சிரிச்சாங்க. அவங்க சிரிச்சா அவனுக்குப் போதும், வேற எதுவும் யாரும் கேக்க மாட்டாங்க. பாடியநல்லூர்ல அவங்கப்பா மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்காரு. போர்வெல் மோட்டாரு, கிரைண்டர் மோட்டாரு, சீலிங் ஃபேனு, எது வந்தாலும் அவர் சொல்றது ஒண்ணுதான்: ஒயர் போச்சுன்னா மோட்டாரு வெறும் எடைக்கல்லு. டில்லிக்கு அவர் சொல்லிக்குடுத்தது மொத்தமே அந்த ஒரு வரிதான். காலேஜை விட்டதுக்கப்புறம் அதுவும் நின்னு போச்சு. சாப்பிட்டியாங்கற கேள்வியே அம்மா வழியா டைவர்ஷன்ல வருது. ஆனா மோட்டார்கிட்ட பேசுவாரு மனுஷன். "என்னா, சூடாயிட்டியா"ன்னு கேப்பாரு, காயிலைத் தடவிக் குடுப்பாரு, "இரு இரு, ஆச்சு"ம்பாரு. டில்லி பக்கத்து ஸ்டூல்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பான், என்னிக்காவது கைதவறி ஒரு வார்த்தை இந்தப் பக்கம் விழாதான்னு. விழாது. போகட்டும். வரி நல்ல வரி. ஒயர் போச்சுன்னா எடைக்கல்லு. புடுங்கினா ஓடாது. இன்னிக்கு ஓடக் கூடாது.

ஏன் ஓடக் கூடாதுன்னா, அதோ ஆஸ்பெஸ்டாஸ் நிழல்ல கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு ஒருத்தர் போன் பேசிட்டு நிக்கறாரு பாருங்க, அவர்தான் காரணம். பெங்களூர்க்காரர். பழைய ஏரோப்ளேனுக்குன்னே ஒரு கொட்டகையும் அது ஓடிப் பறக்கறதுக்கு சொந்தமா ஒரு தரையும் வெச்சிருக்கறவர். "என் கண்ணு முன்னாடி இன்ஜின் ஓடட்டும், புதன்கிழமை இதை ஏத்திட்டுப் போக ட்ரெய்லர் வரும். ஓடலைன்னா என்னை மன்னிச்சிடுங்க"ன்னு சொல்லிட்டாரு. அதைக் கேட்டு மில்லுல இதைக் கட்டின மூணு பேருக்கும் கண்ணு தளும்பிடுச்சு. துக்கத்துல இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்கங்கற மாதிரி நரசிம்மலு களத்துல தண்ணி தெளிச்சுப் பெருக்கி வெச்சிருக்காரு. பின்ன? ரைஸ் மில்லுல இருந்து எப்படிப் பறக்கறது, தவிட்டு மேடு தடுக்கும், கரண்டு கம்பி தடுக்கும். பழைய இரும்புக் கடையில எலும்புக்கூடா கெடந்ததை அள்ளிட்டு வந்து, வருஷக்கணக்கா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூடி, சட்டம் இழைச்சு, துணி ஒட்டி, அந்தத் துணி மேல பூசற மருந்து வாசனையில தலை சுத்தி, நெயில் பாலிஷ் பாட்டிலுக்குள்ள விழுந்த மாதிரி ஒரு வாசனை அது, எல்லாம் எதுக்கு? இது ஒரு நாள் மேல போகணும்னுதானே. அவங்க வேண்டுதல் நியாயம். டில்லிக்கும் தெரியுது நியாயம்னு. ஆனா ட்ரெய்லர்ங்கற வார்த்தையைக் கேட்டதுல இருந்து அவன் கண்ணுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியுது, வியாழக்கிழமை காலைல இந்தக் களம். சக்கரம் நின்ன இடத்துல ரெண்டு ஆயில் கறை. புறா மேயுது. அப்புறம் ஒரு ஞாயிறு வரும். நரசிம்மலு பொண்ணு வீட்டுக்கு நெல்லூர் போயிடுவாரு. மாட்டு டாக்டர் தாவூத் மதுராந்தகத்துலயே இருந்துடுவாரு, அவ்வளவு தூரம் பஸ் ஏறி வர்றதுக்கு ஒரு ஏரோப்ளேனாவது வேணுமே. பியூலா ஆன்ட்டி அயனாவரத்து ஃப்ளாட்டுல ஜன்னலை மூடிக்கிட்டு உக்காந்துடுவாங்க. "போன் பண்ணுடா"ன்னு சொல்வாங்க. எல்லாருந்தான் சொல்றாங்க போன் பண்ணு போன் பண்ணுன்னு. போன்ல என்னத்த பேசறது. மத்த ஆறு நாளும் அவன் ஹெல்மெட்டுக்குள்ளதான் இருக்கான், யார் வீட்டுக்கோ யாரோ சமைச்ச சோறு, கதவு திறக்கும், ஒரு கை நீளும், கதவு மூடும், அவன் ஜோக்கு வாய்க்குள்ளயே ஆறிப்போகும்.

இந்த மில்லுக்கும் அவன் அப்படித்தான் வந்தான். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், நாலு மட்டன் பிரியாணி, ஒரு எக்ஸ்ட்ரா முட்டை. ஷெட்டுக்குள்ள வந்தா பிரியாணி வாங்கறதுக்கு ஆளையே காணோம், நடுவுல இது நிக்குது, அப்போ துணிகூடப் போடல, விலா எலும்பு எல்லாம் தெரியுது. நரசிம்மலு றெக்கைக்கு அடியில இருந்து தலையை நீட்டி, "இது என்னான்னு தெரியுமா நாயனா?"ன்னாரு. தெரியும்னு சொல்றதுக்குப் பதிலா அவன் வாயால ஸ்டார்ட் பண்ணிட்டான். வேணும்னு பண்ணல, வாய் அப்படித்தான். முதல்ல ரெண்டு இருமல். அப்புறம் ஒரு டக்கு. புஸ்ஸுனு ஒரு பெருமூச்சு. நாலுல மூணு சிலிண்டர் புடிச்சுக்கிட்டு ஒண்ணு மட்டும் வர மாட்டேன்னு அடம்புடிக்கும் பாருங்க, அந்த நொண்டல், அதுக்கப்புறம் நாலும் சேந்து தபதபதபன்னு ஒரு ஓட்டம். நிஜத்துல ஒரு தடவை கூட அவன் அதைக் கேட்டதில்ல. எல்லாம் போன்ல, ஹெட்செட்ல, இங்கிலாந்துல எவனோ புல்லுத் தரையில நின்னு எடுத்த வீடியோ. நிறுத்தினப்போ ஷெட்டே நின்னு போயிருந்துச்சு. பியூலா ஆன்ட்டி கையில இருந்த பெயிண்ட் பிரஷ்ல இருந்து தரையில சொட்டுது, அவங்க பாக்கல. "இன்னொரு தடவை பண்ணு"ன்னாங்க. அவன் பொழப்புல யாரும் அவனை இன்னொரு தடவைன்னு சொன்னதில்ல, போதும்டான்னுதான் சொல்லியிருக்காங்க. பண்ணான். கண்ணை மூடிக்கிட்டு நின்னாங்க மூணு பேரும். அன்னில இருந்து அவன் பேரு இன்ஜின். "டேய் இன்ஜின், அந்த ஸ்பேனரை எடு." "இன்ஜின் வந்துட்டானா?" அதுக்கப்புறம் அவன் அடிச்ச ஹிட்டு எத்தனை. டாக்டர் ப்ரொப்பெல்லரைத் துடைச்சிட்டு இருந்தப்போ பின்னாடி போய், இன்ஜினைக் கிளப்பும்போது சொல்ற "கான்டாக்ட்!"ங்கறதைக் கத்தி வாயால ஸ்டார்ட் பண்ணதுல அவர் தவிட்டு மேட்டுல போய் உருண்டாரு, ஒரு மாசம் சிரிச்சாங்க. "பால் எத்தனை லிட்டர் டாக்டர்?"னு ஒண்ணு, அது என்னத்துக்குச் சொன்னான்னு இப்ப அவனுக்கே ஞாபகம் இல்ல, ஆனா டாக்டர் கண்ணுல தண்ணி வர சிரிச்சது ஞாபகம் இருக்கு. இன்னிக்கு நிஜ இன்ஜின் ஓடிட்டா, அப்புறம் வாய் இன்ஜினை எவன் கேப்பான்? அட, அதுகூட பரவால்ல. கேக்காட்டி போறாங்க. வந்து உக்காந்தா போதாதா.

வெயில் ஏறிடுச்சு. சீட்டோட தகரம் தொடையைச் சுடுது. முன்சீட்டு காலியா இருக்கு, அதோட பெல்ட்டை இறுக்கிக் கட்டிப் போட்டிருக்காங்க, யாரோ இல்லாத ஆளைக் கட்டி வெச்ச மாதிரி. பின்சீட்டுல இருந்து முன்சீட்டுக்கு ஒரு ரப்பர் குழாய் போகுது. பேச்சுக் குழாய். அந்தக் காலத்துல ஒயரும் கிடையாது மைக்கும் கிடையாது, வாத்தியார் முன்னாடி இருந்து குழாய்ல கத்துவாரு, பின்னாடி இருக்கறவங்களுக்குக் காதுல விழும். டில்லி குழாயை வாய்க்கிட்ட வெச்சு, "வணக்கம், உங்கள் ஆர்டர் வந்துவிட்டது"ன்னு மெதுவா சொல்லிப் பாத்தான். முன்சீட்டு ஒண்ணும் சொல்லல. பியூலா ஆன்ட்டிக்கும் அப்படித்தான் ஆச்சாம். அவங்களுக்கு அப்போ இருபது வயசு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர் வேலை, காலைல ஃப்ளையிங் கிளப்புல க்ளாஸு, இதே மாதிரி ஒரு டைகர் மாத்து. ஒரு நாள் தரையில இறங்கினதும் வாத்தியார் முன்சீட்டுல இருந்து எறங்கி, பெல்ட்டைக் கட்டிப் போட்டுட்டு, இவங்க தோளைத் தட்டிட்டு, திரும்பிப் பாக்காம நடந்து போயிட்டாராம். தனியாப் போங்கறதுக்கு அதுதான் அர்த்தம். போனாங்க. ஆளு எறங்கினதால லேசாகி, நினைச்சதுக்கு முன்னாடியே தரையை விட்டுடுச்சாம். கம்பியில எல்லாம் காத்து பாட்டு பாடுதாம். மேல போய் திரும்பற இடத்துல பழக்க தோஷத்துல குழாய்ல, "சார், திரும்பட்டுமா?"ன்னு கேட்டிருக்காங்க. பதில் வரல. வெறும் காத்து. "அழுதேன்டா அப்போ. எல்லாரும் நினைக்கற மாதிரி சந்தோஷத்துல இல்ல. எத்தனை ஆயிரம் பேருக்கு லைன் குடுத்திருக்கேன், எனக்குப் பதில் வரலையேன்னு"ன்னாங்க. ஷெட்டுல எல்லாரும் கம்முனு இருந்தாங்க. டில்லிக்குக் கம்முன்னா ஆகாது, அரிக்கும். "ஆன்ட்டி, இந்தியாவோட முதல் மிஸ்டு கால் நீங்கதான்"னான். எல்லாரும் சிரிச்சாங்க, ஆன்ட்டியும்தான். சிரிச்சுக்கிட்டே மூக்கைத் துடைச்சாங்க. அன்னிக்கு ராத்திரி அவனுக்குத் தூக்கம் வரல. அந்த இடத்துல வேற ஏதோ ஒண்ணு சொல்லியிருக்கணும். என்னன்னு இன்னி வரைக்கும் தெரியல.

"டேய் இன்ஜின்! ஸ்டிக்கை வயித்தோட இழுத்துப் புடிச்சிருக்கியா?" ஆன்ட்டி குரல். முன்னாடி வந்து நிக்கறாங்க. இன்னிக்கு சுடிதார், துப்பட்டா இல்ல, கொண்டையை இறுக்கிக் கட்டி மேல ஒரு கைக்குட்டை. அவங்க கிளப்புல இருந்த காலத்துல பொம்பளைங்க ப்ரொப்பெல்லர்ல கை வைக்கக் கூடாதாம், புடவை மாட்டிக்கும்னு ரூலு. ஓட்டலாம், தொடக் கூடாது. பேன்ட் போட்டுட்டு வந்த நாள்லயும் அதே ரூலு. அதனால இன்னிக்கு ப்ரொப்பெல்லர் எனக்குன்னு ஒத்தைக் கால்ல நின்னு வாங்கியிருக்காங்க. நரசிம்மலு காக்பிட்டுல உக்காரணும், ஆனா அவர் வயிறு உள்ள போனா ஓட்டற ஸ்டிக்குக்கு இடம் இல்ல, அதனால டில்லி. டாக்டர் சக்கரத்துக்குக் கட்டை வெச்சுட்டு, மணல் வாளியோட நிக்கறாரு. இவங்க எல்லாரும் பேசி வெச்ச முறை ஒண்ணு இருக்கு, கல்யாண மந்திரம் மாதிரி, ஒரு வார்த்தை மாறாது. முதல்ல ஸ்விட்ச் ஆஃப். ஆஃப்ல வெச்சு ப்ரொப்பெல்லரைக் கையால நாலு சுத்து சுத்தினா இன்ஜின் பெட்ரோலை உறிஞ்சிக்கும். அதுக்கப்புறம்தான் கான்டாக்ட், ஸ்விட்ச் ஆன், ஒரே வீச்சு, ஒதுங்கிடணும். முன்னாடி நிக்கறவங்க கேப்பாங்க, காக்பிட்டுல இருக்கறவன் பதில் சொல்லணும். பதில் வராம யாரும் தொடக் கூடாது. ஸ்விட்ச் ரெண்டும் காக்பிட்டுக்கு வெளிய, ஏரோப்ளேன் தோள்லயே இருக்கு, மேல தூக்கினா ஆன், கீழ இறக்கினா ஆஃப், முன்னாடி இருந்து பாத்தாலே தெரியும். டில்லி தலையை நீட்டிப் பாத்தான். ரெண்டும் கீழ. நல்ல புள்ளைங்க மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கு. இதுங்க பின்னாடி ஒயரே இல்லைன்னு இதுங்களுக்கே தெரியாது. என்ன நடக்கும்? ஆன்ட்டி வீசுவாங்க, வீசுவாங்க, ஒண்ணும் வராது. எடைக்கல்லு. பெங்களூர்க்காரர் வாட்சைப் பாப்பாரு. எல்லாரும் கொஞ்ச நேரம் தலையில கை வெச்சுப்பாங்க. இவன் வாயால ஸ்டார்ட் பண்ணுவான், சிரிப்பாங்க, சாப்பாடு வரும், அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்பாங்க. அடுத்த ஞாயிறு. அந்த வார்த்தை இருந்தாப் போதும். நட்டை அப்புறம் ஒரு நாள் மாட்டிக்கலாம், கண்டுபுடிச்சவனும் நானேன்னு பேர் வாங்கிக்கலாம். பெங்களூர்க்காரர் இன்னும் போன்லதான் இருக்காரு. "ஒரு நிமிஷம்"னு ஒரு விரலைக் காட்டறாரு. எல்லாரும் அந்த ஒரு விரலைப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க.

விரலைப் பாத்தா கூட்டாளி அஜ்மல் ஞாபகம் வருது. அஜ்மலும் இப்படித்தான், ஒரு நிமிஷம்டான்னு விரலைக் காட்டிட்டு விசா ஆபீசுக்குள்ள போனான், ஷார்ஜாவுல போய் எறங்கிட்டான். இப்போ அவனுக்கு அனுப்பற வாய்ஸ் மெசேஜ் எல்லாம் ஒத்தை டிக்குல நிக்குது. அஜ்மல்கிட்ட ஒரு மொபெட் இருந்துச்சு, அவங்க அத்தா கறிக்கடைக்கு வெச்சிருந்தது, ஆட்டு வாசனை போகவே போகாது. ஒரு நாள் புழல் ஏரிக்கரையில சாவி தொலைஞ்சிடுச்சு. அஜ்மல் அசரல. சாவி ஓட்டைக்கு அடியில கையை விட்டு ஒயரைப் புடிச்சு ஒரே இழு. "ஏறுடா"ன்னான். ஒரே மிதி, புடிச்சிடுச்சு. ரெண்டு பேரும் கத்திக்கிட்டே கரை மேல போறாங்க, எதிர்க்காத்து, கண்ணுல தண்ணி. வீட்டு வாசலுக்கு வந்தா நிறுத்த முடியல. சாவி இல்ல, ஸ்விட்ச் இல்ல, எதை வெச்சு நிறுத்தறது? தெருவைச் சுத்தறாங்க, மறுபடி சுத்தறாங்க, அத்தா செருப்போட வாசல்ல நிக்கறாரு, ஒவ்வொரு தடவை தாண்டும்போதும், "அத்தா, அடுத்த ரவுண்டுல எறங்கிடறோம்!"னு டில்லி கத்தறான், தெருவே சிரிக்குது. கடைசில தவிட்டு மூட்டை மேல கொண்டு போய் முட்டித்தான் நின்னுச்சு. அதுக்கப்புறம் அப்படி ஒரு சிரிப்பு சிரிக்கல அவன். ஒரு வருஷம் ஆச்சு. ஒயரைப் புடுங்கினான், ஏறுடான்னான். என்னா சிரிப்பு. நிறுத்தவே முடியல. புடுங்கினான், புடிச்சிடுச்சு. டில்லி கட்டைவிரல் நட்டு மேல நின்னுச்சு. புடுங்கினதும் எப்படிப் புடிச்சுது? புடுங்கினா ஓடாதுல்ல. ஒயர் போச்சுன்னா எடைக்கல்லு. அது மொபெட், இது ஏரோப்ளேன், விடு. சாப்பாடு இன்னிக்கு யாரு, நரசிம்மலு வீட்டு கோங்குரா சட்னி வரும். புடுங்கினதும் ஓடிச்சு. நிறுத்தறதுக்குத்தான் ஒயர் இல்லாம போச்சு. அப்படின்னா ஒயரு ஓட்டறதுக்கு இல்லையா, நிறுத்தறதுக்கா? சீ, குழம்பாத. அப்பா கடையில எவ்வளவு பாத்திருக்கோம். அப்பா மோட்டார் சுவத்துல இருந்து கரண்டு வாங்குது. இது எந்த சுவத்துல இருந்து வாங்குது? களத்து நடுவுல நிக்குது, பேட்டரிகூட கிடையாது. அப்ப பொறி எங்க இருந்து. காலேஜ்ல இது வந்த பேப்பர்தானே அரியரு. பால் எத்தனை லிட்டர் டாக்டர்.

பால் எத்தனை லிட்டர் டாக்டர். அது எங்க இருந்து வந்துச்சு இப்போ? ஜோக்கு ஞாபகம் இருக்கு, அதுக்கு முன்னாடி டாக்டர் என்ன சொன்னாரு? ஏதோ சொன்னாரு. கையில மேக்னெட்டோவை வெச்சுக்கிட்டு, கன்னுக்குட்டியைப் புடிக்கற மாதிரி அணைச்சு வெச்சுக்கிட்டு சொன்னாரு. அவர் வாய் அசையறது தெரியுது, டில்லி அப்ப அடுத்த பஞ்சைத் தேடிக்கிட்டு இருந்தான், எப்பவும் அப்படித்தான், எதிராளி பேசறப்போ இவன் காது கேக்காது, நாக்குதான் வேலை செய்யும். மாடு. மாட்டைப் பத்திச் சொன்னாரு. "இதுக்கு நாம கரண்டு குடுக்கறதில்ல தம்பி. சுத்தினா இதுவே கறந்துக்கும். ஸ்விட்ச் ஆஃப்னா என்ன? மாட்டைக் கயித்தால கட்டிப் போட்டிருக்கு, அவ்வளவுதான். அந்த ஒயருதான் கயிறு. கயிறு அறுந்துச்சுன்னா ஸ்விட்ச் எங்க இருந்தா என்னா, அது பாட்டுக்கு முட்டும். ஆன்ல நிக்கும்போது எவனும் உஷாரா நிப்பான். ஆஃப்னு நம்பித்தான் மேல சாஞ்சு நிப்பான், அப்பதான் கை போகும், தலை போகும்." அப்போதான் இவன், "கறக்குமா? பால் எத்தனை லிட்டர் டாக்டர்?"னான். சிரிச்சாங்க. ஐயோ. சிரிச்சாங்களே. கயித்தை அவுத்துட்டேன். ரெண்டு மாட்டையும் அவுத்துட்டேன். ஒரு சுத்து சுத்தினாப் போதும். வெறும் கையால, சாஞ்சு நின்னு, ஆஃப்னு நம்பி. டாக்டர் மூடிக்குள்ள கையை விட்டு கார்புரேட்டர் பட்டனை அமுக்கறாரு, பெட்ரோல் சிமெண்டுல சொட்டற சத்தம் கேக்குது, அந்த வாசனை, இத்தனை நாளா இவன் ஏங்கின வாசனை. பெங்களூர்க்காரர் போனைப் பாக்கெட்டுல போட்டுட்டாரு. இது வாயால ஓடற இன்ஜின் இல்ல, நிறுத்துன்னா நிக்காது.

"ஸ்விட்ச் ஆஃப்?"

ஆன்ட்டி கேட்டுட்டாங்க. தெளிவா, எக்ஸ்சேஞ்சுல நம்பர் கேக்கற குரல்ல. பதில் சொல்லணும். ஆஃப்னு சொன்னா பொய். பேசாம இருந்தா தொட மாட்டாங்க, பதில் வராம தொடக் கூடாது, அப்படியே பேசாம இருந்துட்டா என்ன, சாயந்திரம் வரைக்கும் பேசாம இருந்துட்டா, வயித்து வலின்னு எறங்கிட்டா, எறங்கி மூடியைத் திறந்து யாருக்கும் தெரியாம.

"டேய் இன்ஜின், தூங்கிட்டியா? ஸ்விட்ச் ஆஃப்?"

"ஆஃப்தான் மேடம், ரெண்டும் கீழதான் இருக்குது, நான் பாக்கறேன் இல்ல" நரசிம்மலு இந்தப் பக்கத்துல இருந்து குரல் குடுத்துட்டாரு. மனுஷன் கண்ணால பாத்ததைச் சொல்றாரு, அவர் மேல என்ன தப்பு. ஆன்ட்டி ஒரு அடி முன்னாடி வந்தாங்க.

"ஆன்!" டில்லி கத்தினான். "ஸ்விட்ச் ஆன்! தொடாதீங்க!"

ஆன்ட்டி தலையைச் சாச்சு ஸ்விட்சைப் பாத்தாங்க. ரெண்டும் கீழ. "எனக்குக் கண்ணு நல்லாத்தான்டா தெரியுது"ன்னு சிரிச்சாங்க. "என்னைத் தவிட்டுல உருட்டினது பத்தாதாம், மேடத்தையும் உருட்டப் பாக்கறான்" டாக்டர் வாளியைக் கீழ வெச்சுட்டு இடுப்பைப் புடிச்சுக்கிட்டு சிரிக்கறாரு. நரசிம்மலு பெங்களூர்க்காரர்கிட்ட, "பையன் எப்பவுமே இப்படித்தான் சார், ரொம்ப தமாஷு"ன்னு அறிமுகம் பண்றாரு. ஆன்ட்டி ரெண்டு உள்ளங்கையையும் ப்ரொப்பெல்லர் மேல வெச்சுட்டாங்க. வாழ்நாள்ல முதல் தடவை. கண்ணை ஒரு செகண்டு மூடினாங்க. உடம்போட எடையைச் சாச்சாங்க.

டில்லி எப்படி எழுந்து நின்னான்னு அவனுக்குத் தெரியல, மண்டை மேல் றெக்கையில இடிச்சுது, பாக்கெட்டுல இருந்த கை வெளிய வந்து அந்தரத்துல நின்னுச்சு, விரல் நடுவுல ரெண்டு பித்தளை நட்டு. "ஆன்ட்டி!" அந்தச் சத்தம் அவனுக்கே புதுசா இருந்துச்சு, எதையும் யாரையும் மாதிரி பண்ணாத சத்தம், நடுவுல கீறிப் போச்சு. சிரிப்பு ஒவ்வொரு ஆளா நின்னுச்சு. ஆன்ட்டி அவன் மூஞ்சியைப் பாத்தாங்க, கையைப் பாத்தாங்க, வெயில்ல மின்னற நட்டைப் பாத்தாங்க. மெதுவா, சூடான பாத்திரத்துல இருந்து எடுக்கற மாதிரி, ப்ரொப்பெல்லர்ல இருந்து ரெண்டு கையையும் எடுத்தாங்க. பின்னாடி நகந்தாங்க. இன்னும் ஒரு அடி.

"என்னடா அது?"

நாக்கு நுனியில ஒண்ணு தயாரா வந்து நின்னுச்சு. நல்ல பஞ்ச். போண்டாவை வெச்சு. முழுங்கினான்.

"மேக்னெட்டோ நட்டு. ஓடினா புதன்கிழமை இதை எடுத்துட்டுப் போயிடுவாங்க, நீங்க யாரும் வர மாட்டீங்கன்னு ஒயரைக் கழட்டிட்டேன். கழட்டினா ஓடாதுன்னு நினைச்சேன். நான்தான். நேத்து சாயந்திரம், நான்தான் கழட்டினேன்."